சரிவுக்கு ஒரு நம்பர்

மலை சரிந்தால் நம் ஊரில் மூன்று விஷயங்கள் மளமளவென்று நடக்கும். அமைச்சர் வந்து பார்ப்பார். இறந்தவர் குடும்பத்துக்கு இத்தனை லட்சம் என்று அறிவிப்பு வரும். மூன்றாவதாக ஓர் அதிகாரி, 'அதெல்லாம் ஆக்கிரமிப்பு வீடுங்க' என்று நிருபர்களின் காதைக் கடிப்பார். அதோடு ஃபைல் க்ளோஸ்!

ஆக்கிரமிப்பு என்றால் அங்கே கரன்ட் கனெக்‌ஷன் கொடுத்தது யார்? வீட்டு வரி வசூலித்தது யார்? ஓட்டுக் கேட்டு அந்தப் படிகளில் ஏறியது யார்?

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண்ணும் பாறையும் உருண்டு வந்து ஒரு வீட்டை மூடின. 5 குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். 'இயற்கையின் சீற்றம்' என்று சொல்லிவிட்டால் ஒரு சௌகரியம். இயற்கைக்கு சஸ்பென்ஷன் ஆர்டர் கொடுக்க முடியாதே!

ஹாங்காங்கிலும் இப்படித்தான் இருந்தது. 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் இரண்டு சரிவுகள். சாவ் மாவ் பிங்கில் 71 பேர், போ ஷான் ரோட்டில் 67 பேர் பலி. 1976-ல் அதே சாவ் மாவ் பிங்கில் மறுபடியும் சரிந்து 18 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் விழித்தார்கள். லேட்தான், ஆனால் விழித்தார்கள்.

1977-ல் மலைச்சரிவுகளுக்கென்றே ஓர் அலுவலகம் திறந்தார்கள். வீடு கட்டவும் ரோடு போடவும் மனிதன் வெட்டிய, மண் கொட்டிய சரிவுகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். இன்று கணக்கில் இருப்பவை சுமார் 60 ஆயிரம். நம்ம பைக்குக்கு இருப்பது மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு எண். அதைப் பராமரிக்க வேண்டியது தனியாரா, அரசா, அரசு என்றால் எந்தத் துறை என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 'எனக்குத் தெரியாதே' என்று யாரும் நழுவ முடியாது.

இன்னொரு பாடமும் கற்றார்கள். 1994-ல் குவான் லுங் லாவ் குடியிருப்புக்குக் கீழே ஒரு சுவர் சரிந்து 5 பேர் இறந்தார்கள். ஆராய்ந்தால், மண்ணுக்குள் புதைந்திருந்த வடிகால் குழாய்கள் நெடுநாளாகக் கசிந்திருக்கின்றன. மலையைத் தள்ளுவது பெரும்பாலும் தண்ணீர்தான். வெளியேற வழி இல்லாத தண்ணீர் உள்ளே இறங்கி மண்ணின் பிடியைத் தளர்த்திவிடுகிறது. அது மேகத்திலிருந்து வந்ததா, உடைந்த குழாயிலிருந்து வந்ததா என்று மண்ணுக்குத் தெரியாது. குடிநீர்க் குழாய், சாக்கடை, மழைநீர் வடிகால், மலைச்சரிவு எல்லாம் ஒரே பிரச்னை. நம் ஊரில் மட்டும் அது நாலு ஆபீஸ், நாலு டெண்டர்.

'அது பணக்கார ஊர் சார்' என்பீர்கள். 1972-ல் சாவ் மாவ் பிங்கில் மண்ணுக்குள் புதைந்தவை ஏழைகளின் குடிசைகள். தவிர, ஒரு சரிவுக்கு நம்பர் போடவும், பொறுப்பாளர் பெயரை எழுதவும் எத்தனை கோடி வேண்டும்?

ஹாங்காங் சொர்க்கம் என்று சொல்லவில்லை. 2023 செப்டம்பரில் ஒரே மணி நேரத்தில் 158 மி.மீ. கொட்டியபோது அங்கேயும் வெள்ளம், அங்கேயும் சரிவுகள். ஆனால் 1972 போலப் பிணக்குவியல் இல்லை. அந்த வித்தியாசம் வானத்திலிருந்து விழவில்லை.

2009 நவம்பரில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டவர்களை மண் விழுங்கியது. அபாயகரமான இடங்கள் என்று அங்கே ஒரு பட்டியல் உண்டு. மழை வந்தால் ஆட்களை அப்புறப்படுத்த அது உதவும். நல்லதுதான். ஆனால் மழை வருவதற்கு முன்பு அந்தச் சரிவின் வடிகாலைத் தூர்வார வேண்டியவர் பெயர் என்ன? சரிவின் கீழே குடியிருப்பவர் அதைப் படிக்க முடியுமா?

என் கோரிக்கை சின்னது. வீடுகளுக்கு மேலே நிற்கும் ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு நம்பர், பொறுப்பான துறை, கடைசியாக வடிகாலைச் சோதித்த தேதி. மூன்றையும் தமிழில் எழுதி அங்கேயே ஒரு போர்டு வையுங்கள். இறந்த பிறகு நிதி கொடுக்க ஒரு மணி நேரத்தில் பெயர்ப் பட்டியல் தயாரிக்க முடிகிற அரசுக்கு, இது முடியாதா என்ன?