உள்ளே கைவிட்டுப் பார்!

(முதுகலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவர் எழுதுவது)

பாடாலூர் என்றால் நம் கல்லூரி நண்பர்கள் பலருக்குத் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பேருந்து நிற்கும் ஓர் ஊர் என்ற அளவில்தான் தெரியும். அவ்வூரில் பிறந்து வளர்ந்த எனக்கோ, பாடாலூர் என்றால் சின்ன வெங்காயம். அறுவடையானதும் விலை ஏறும்வரை வெங்காயத்தைப் பட்டறையில் போட்டு வைப்போம். தரையிலிருந்து சற்று உயர்த்தி, காற்று உள்ளே புகுந்து வெளியேறும்படி குச்சிகளால் கட்டி, மேலே கூரை வேய்ந்த பட்டறை அது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்குப் பட்டறை எப்போதும் நன்றாகவே நிற்கும். ஆனால் நடுவில் ஒரு கூடை அழுகத் தொடங்கினால் ஒரு மாத உழைப்பு போயிற்று. அதனால் என் தந்தையார் வாரம் இருமுறை முழங்கைவரை உள்ளே விட்டு, நாலைந்து வெங்காயங்களை எடுத்து முகர்ந்து பார்ப்பார்.

கணிப்பொறியைப் பற்றி எழுத வந்தவன் வெங்காயத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று பேராசிரியப் பெருமக்கள் எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

சென்ற கோடை விடுமுறையில், ஆய்வுத் திட்டத்திற்காக, ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் கொத்துக் கணிப்பொறியைப் பயன்படுத்தும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பல கணிப்பொறிகளை ஒன்றாகப் பிணைத்து ஒரே பொறிபோல் இயக்குவதைத்தான் 'கிளஸ்டர்' என்கிறார்கள். நம் மண்டலத்திலேயே இதற்குச் சிறந்த சான்று உண்டு. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று தொடங்கி வைக்கப்பெற்ற 'பரம் பொருள்' என்னும் மீத்திறன் கணிப்பொறி, தேசிய மீக்கணிமைத் திட்டத்தின்கீழ் சி-டாக் நிறுவனம் அமைத்துத் தந்தது. அதன் உச்ச வேகம் 838 டெராஃப்ளாப்ஸ்; அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கீடுகள்!

இத்தகைய பொறியில் நம் வேலையை நாமே நேராக ஓட்ட முடியாது. ரேஷன் கடையில் நிற்பதுபோல் வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசையை ஒழுங்கு செய்யும் மென்பொருளுக்குப் பணி ஒதுக்கி என்று பெயர் வைக்கலாம். உலகெங்கும் பெரிதும் பயன்படுவது 'ஸ்லர்ம்'. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் உருவாகத் தொடங்கியது அது. 'எஸ்பேட்ச்' என்ற கட்டளையால் வேலையைக் கொடுக்கிறோம். அது ஓர் எண்ணைத் தருகிறது. 'எஸ்கியூ' என்ற கட்டளையால் வேலையின் நிலையை அறிகிறோம். 'பிடி' என்று வந்தால் காத்திருக்கிறது. 'ஆர்' என்று வந்தால் ஓடுகிறது.

என் வேலை இதுதான். 64 சிலிக்கான் அணுக்கள் கொண்ட ஒரு படிகப் பெட்டியில் ஓர் அணுவை நீக்கிப் பாஸ்பரஸ் அணுவை வைத்தால், சுற்றியுள்ள அணுக்கள் எப்படி நகர்கின்றன என்று 'குவாண்டம் எஸ்ப்ரெஸோ' நிரலால் கணக்கிடுவது. 48 கோர்கள், இரண்டு நாள் கால வரம்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் பேருந்து ஏறினேன். வீட்டில் அமர்ந்து கைப்பேசியிலேயே 'எஸ்கியூ' போட்டுப் பார்த்தேன். 'ஆர்'! மறுநாள் காலையிலும் 'ஆர்'! என் மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டுமா? மூன்றாம் நாள் வரிசையில் என் வேலையையே காணவில்லை. முடிந்துவிட்டது என்று கூத்தாடினேன். வழிகாட்டிப் பேராசிரியருக்குச் செய்தியும் அனுப்பிவிட்டேன்.

பிறகுதான் கோப்பைத் திறந்தேன். கடைசி வரி, கால வரம்பு கடந்ததால் வேலை நிறுத்தப்பட்டது என்றது. அதற்கு மேலிருந்த வரிகளில், சுற்றுக்குச் சுற்று குறைந்துகொண்டே வரவேண்டிய பிழை எண், ஏறுவதும் இறங்குவதுமாக ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. இன்னும் மேலே, கோப்பின் முதல் அறுபது வரிகளுக்குள்ளேயே, குற்றவாளி அமர்ந்திருந்தான். பெட்டியின் பக்க அளவு 10.86 ஆங்ஸ்ட்ராம். நான் அந்த எண்ணை எழுதிய இடமோ 'போர்' அலகை எதிர்பார்ப்பது. ஒரு போர் என்பது 0.529 ஆங்ஸ்ட்ராம். ஆக, பாவம் அந்த 64 அணுக்களையும் அவற்றுக்குரிய இடத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குக்குள் அடைத்துவிட்டேன். காலை நேர நகரப் பேருந்தே தேவலை!

பொறி இதை மறைக்கவில்லை, நண்பர்களே! வேலை தொடங்கிய சில நொடிகளிலேயே பெட்டியின் அளவு இன்னது, அலகு இன்னது என்று எழுதி வைத்துவிட்டது. 'ஹெட்' என்ற கட்டளையால் முதல் அறுபது வரிகளைக் கேட்டிருந்தால் பேருந்து ஏறுமுன்னரே தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. 48 கோர்கள் இரண்டு நாள் என்றால் 2304 கோர்–மணிகள். அவ்வளவும் வீண். எனக்குப் பின்னால் வரிசையில் யாரோ ஓர் ஆய்வு மாணவர் 'பிடி', 'பிடி' என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார். அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. என் திட்ட மதிப்பீட்டு நாள் தள்ளிப்போனது என் தலைவிதி. அவர் என்ன பாவம் செய்தார்?

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏன்டா தம்பி, பட்டறை நிக்குதான்னு மட்டும் பாத்தியா? கைய உள்ள விட்டுப் பாக்கலியா?"

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், 'டெயில் கட்டளையின் பயன் யாது?' என்ற இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இளங்கலையில் நான் முழு மதிப்பெண் பெற்றவன்! 'கோப்பின் இறுதி வரிகளைக் காட்டும்' என்று எழுதினேன்; தேறினேன்; மறந்தேன். செய்முறைப் பதிவேட்டில் கட்டளைகளை அழகாக எழுதிக் கையொப்பம் வாங்குகிறோம். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கோப்பின்மேல் அவற்றை ஏவிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? 'டெயில்' கட்டளையோடு '-எஃப்' என்ற குறியைச் சேர்த்தால், கோப்பில் புதிய வரி விழ விழத் திரையில் வந்துகொண்டேயிருக்கும். 'கிரெப்' கட்டளை, லட்சம் வரிகளில் நமக்கு வேண்டிய சொல் உள்ள வரிகளை மட்டும் சலித்துத் தரும். கோப்பு எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லையா? 'எஸ்கண்ட்ரோல் ஷோ ஜாப்' என்று வேலை எண்ணைக் கொடுத்தால், வெளியீடு எழுதப்படும் இடத்தை அதுவே சொல்லும். இவற்றில் சில 1970-களில் பெல் ஆய்வகத்து யூனிக்ஸில் பிறந்தவை, இன்றும் உழைக்கின்றன.

எல்லா ஒதுக்கிகளும் ஒன்றுபோல் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்லர்ம் இயங்கும் இடங்களில் பெரும்பாலும் எல்லாப் பொறிகளுக்கும் பொதுவான கோப்பகம் இருப்பதால், நுழைந்த இடத்திலிருந்தே பார்த்துவிடலாம். 2015-இல் வந்த 'நோமட்' போன்றவற்றில் கோப்புகள் வேலை ஓடும் பொறியிலேயே கிடக்கும். அதற்கென்றே 'நோமட் அலாக் எஃப்எஸ்' என்று ஒரு கட்டளை வைத்திருக்கிறார்கள். ஒதுக்கீட்டு எண்ணைக் கொடுத்தால், தொலைவிலிருக்கும் அந்தப் பொறியின் கோப்பகத்தைப் பட்டியலிடும், கோப்பைப் படித்துக் காட்டும், வாலையும் காட்டும். கை நீளமானால் பட்டறை எங்கிருந்தால் என்ன?

'இதற்கெல்லாம் இப்போது படம் போட்ட வலைத்திரைகள் வந்துவிட்டன. கறுப்புத் திரையில் எழுத்தடித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வானேன்?' என்று வகுப்பில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வியே. 'ஓப்பன் ஆன்டிமாண்ட்' என்னும் அத்தகைய வலைத்திரையை நானும் பார்த்திருக்கிறேன். புதியவர்களுக்கு அது நல்ல துணை. ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் கைப்பேசிக்கு ஒரு கோடு சமிக்ஞை கிடைத்தால் அன்று திருவிழா. அந்த ஒரு கோட்டில் படத்திரை பாதியில் நின்றுவிடும். பத்து வரி எழுத்து வந்து சேர்ந்துவிடும். கட்டளை வரி பணக்காரப் பொறிகளுக்கு உரியது என்று எண்ணுவோர் உண்டு. என் அனுபவம் நேர்மாறானது.

1973-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 370/155 நிறுவப்பெற்ற காலத்தை எண்ணிப் பார்க்கிறேன். அக்காலத்து மாணவர் துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, அச்சிட்ட தாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நடுவில் எட்டிப் பார்க்க வழியில்லை. நமக்கு வழியிருக்கிறது. வழியிருந்தும் எட்டிப் பார்க்காதவனை என்னவென்று சொல்வது? என்னைத்தான் சொல்கிறேன்.

இன்னொரு தடையும் உண்டு, அதை ஒளிப்பானேன்? தமிழ்வழியில் படித்து வந்த நம்மில் பலருக்கு, திரையில் ஆங்கிலத்தில் 'எர்ரர்' என்று வந்தாலே நெஞ்சு படபடக்கிறது. படிக்காமலே மூடிவிடுகிறோம். அடிக்கடி வரும் பிழைச் செய்திகள் ஓர் இருபது முப்பது இருக்கலாம். நினைவகம் போதவில்லை, காலம் முடிந்தது, கோப்பு இல்லை, அனுமதி இல்லை என்று அவற்றின் பொருளைத் தமிழில் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டினால் பாதி அச்சம் போய்விடும். நான் எழுதத் தொடங்கிவிட்டேன், பன்னிரண்டு ஆகியிருக்கிறது.

மீத்திறன் கணிப்பொறி நம் கல்லூரிக்கு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஸ்லர்ம் விலையில்லா மென்பொருள், லினக்ஸும் அப்படியே. ஒரே பொறியிலும் அதை நிறுவலாம். இரண்டு இருந்தால் வரிசை, ஒதுக்கீடு எல்லாம் கண்முன் விளங்கும். நம் ஆய்வகத்தின் வடக்கு மூலையில் துணி போர்த்திய பழைய கணிப்பொறிகள் இரண்டு கிடக்கின்றன. துறைத்தலைவர் அவர்கள் ஒரு சனிக்கிழமை திறவுகோல் கொடுத்தால் போதும். இணைப்புக் கம்பியை நானே வாங்கி வருகிறேன். இவ்வாண்டு வெங்காய விலை அவ்வளவு மோசமில்லை.