கரை மாறும் கனவான்கள்

கட்சி மாறுகிற அரசியல்வாதியைப் பற்றி வீட்டுத் திண்ணையில் பேச்சு எழுந்தால், "பதவி மோகம், பணத்தாசை" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புக் கூறிவிட்டு எழுந்து போய்விடுகிறோம். தீர்ப்பு பொய்யென்று சொல்லமாட்டேன். ஆனால் ஆசை எல்லா தேசத்து மனிதருக்கும் பொதுவானது. நம் தேசத்தில் அந்த ஆசை இவ்வளவு சுலபமாகக் கட்சியை விட்டுக் கிளம்புவதற்குக் காரணம் என்ன என்பதுதான் விசாரிக்கத் தகுந்த விஷயம்.

1967-ல் ஹரியானாவில் கயா லால் என்னும் சட்டசபை அங்கத்தினர் பதினைந்து நாட்களுக்குள் மூன்று முறை கட்சி மாறினார். "ஆயா ராம், கயா ராம்", அதாவது "வந்தார் ராம், போனார் ராம்" என்று வடநாட்டில் ஒரு வசனமே பிறந்துவிட்டது. 1985-ல் அரசியல் சட்டத்தின் 52-வது திருத்தம் வந்தது. கட்சி தாவும் அங்கத்தினர் பதவியை இழப்பார் என்று விதித்தது. ஆயினும், மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து பிரிந்தால் குற்றமில்லை என்று ஒரு சந்தும் வைத்தார்கள். 2003-ல் அந்தச் சந்தை அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்து வேறொரு கட்சியுடன் இணைகிற வழி மட்டும் மிஞ்சியது. தனியாகப் போனால் தாவல். கூட்டமாகப் போனால் இணைப்பு!

நிற்க. இந்தச் சட்டம் சபைக்குள் அமர்ந்திருப்பவரை மட்டுமே கட்டுப்படுத்தும். நம் தாமிரபரணிக் கரையையே பாருங்கள். திருநெல்வேலித் தொகுதியில் 2001-லும் 2011-லும் அ.தி.மு.க. சார்பில் ஜயித்த ஸ்ரீ நயினார் நாகேந்திரன், 2017-ல் பா.ஜ.க.வில் சேர்ந்தார். அம்பாசமுத்திரத்தில் 2011-ல் ஜயித்து மந்திரியும் ஆன ஸ்ரீ இசக்கி சுப்பையா, அ.தி.மு.க.விலிருந்து அ.ம.மு.க.வுக்குப் போய், 2019-ல் திரும்பி வந்தார். மாறிய சமயத்தில் இருவரும் சட்டசபையில் இல்லை. ஆகவே சட்டத்துக்கு அங்கே வேலையும் இல்லை. 2021-ல் இருவரையும் அவரவர் பழைய தொகுதி ஜனங்களே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது இரண்டு கட்சிகளும் ஒரே கூட்டணியில் இருந்தன என்பதையும் சொல்வதுதான் நியாயம். எப்படியானாலும், கட்சி மாறியதை ஜனங்கள் பெருங்குற்றமாகக் கருதவில்லை என்பது தெளிவு.

ஏன் கருதவில்லை? அம்பாசமுத்திரம் தொகுதியைச் சேர்ந்த மாஞ்சோலை மலைக்குப் போனால் விடை கிடைக்கும். சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-ல் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகைக்கு நிலம் வாங்கித் தேயிலை பயிரிட்ட கம்பெனி, 2024-ல் தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்தியது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய இடங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு வீடா, பஸ்ஸா, ஜீவனமா, எதுவானாலும் சர்க்கார் மனம் வைக்கவேண்டும். அத்தகைய ஜனங்கள் தங்கள் பிரதிநிதியிடம், "உம்முடைய கொள்கை என்ன?" என்று முதலில் கேட்பார்களா? "உம்மால் காரியம் ஆகுமா?" என்றுதானே கேட்பார்கள்!

இது புதிய சங்கதியன்று. 1952-ல் சென்னைச் சட்டசபையின் 375 ஸ்தானங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152 தான். ராஜாஜி மந்திரிசபை அமைத்தபோது காமன்வீல் கட்சித் தலைவர் ஸ்ரீ மாணிக்கவேலு நாயகர் மந்திரியானார். 1954-ல் காமராஜ் மந்திரிசபையில் உழைப்பாளர் கட்சித் தலைவர் ஸ்ரீ ராமசாமி படையாச்சியாரும் இடம் பெற்றார். வட ஜில்லாக்களின் ஜனங்களுக்குப் பங்கு கேட்டுப் பிறந்தவை அக்கட்சிகள். அந்தப் பங்கு சர்க்காரின் கையில் இருந்தது. தலைவர்களும் சர்க்கார் பக்கம் போனார்கள்.

ஆக, உரிமையாகக் கிடைக்கவேண்டியது தயவாகக் கிடைக்கிற நாட்டில், பிரதிநிதி தயவு இருக்கும் இடம் தேடி நடப்பார். அப்படி வந்த தயவு, ஆட்சி மாறினால் மாறியும் போகும். நஷ்டம் கட்சி மாறியவருக்கன்று; அவரை நம்பிய மலைக் குடிகளுக்கே.

எனவே அடுத்த முறை கரை மாறிய கனவான் வாசலில் வந்து கைகூப்பினால், அவரைத் திட்டி அனுப்பவேண்டாம். "ஐயா, அந்தக் கரையில் நின்று எங்களுக்குக் கொடுத்த வாக்கு இந்தக் கரையிலும் செல்லுமா? எந்தக் கட்சி ஆண்டாலும் நிலைக்கும்படி அதைச் சட்டமாக்கித் தருவீரா?" என்று கேளுங்கள். பதிலை ஒரு காகிதத்தில் எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள்.