ஆளில்லாக் கரை

நெய்தல் நிலத்திற்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்தனர் நம் முன்னோர். இன்று அந்நிலத்தைத் தனிமை நாடித் தேடிச் செல்வோர் பலர். பொங்கல் கூட்டம் கலைந்து, கோடை விடுமுறை தொடங்காத இடைக்காலம் பார்த்து, ஒரு கூடாரமும் துணைக்கு ஒரு நாயுமாகக் கடற்கரையில் இரவைக் கழிக்கத் திட்டமிடும் இளைஞரை நாம் குறைகூறோம். தனிமை மனத்திற்கு மருந்தே. ஆயினும், ஆளில்லாக் கரை உயிரில்லாக் கரை ஆகுமா?

மக்களுக்கு ஓய்ந்த அப்பருவமே பங்குனி ஆமைக்குப் பேறுகாலம். சனவரி முதல் மார்ச்சு வரை அவை இரவில் சோழமண்டலக் கரையேறி, மணலைத் தோண்டி, நூறளவில் முட்டையிட்டுச் செல்கின்றன. 45 முதல் 60 நாள்களில் வெளிவரும் குஞ்சுகள் கடலின் மங்கிய ஒளியை நோக்கி ஊர்கின்றன. கூடார விளக்கு அவற்றைத் திசைதிருப்பும். அவிழ்த்துவிட்ட நாய் முட்டைக் குழியைக் கிளறிவிடும். சென்னையில் 1988 முதல் மாணவர் அமைப்பொன்று இரவில் கரைநெடுக நடந்து இம்முட்டைகளைக் காத்துவருவது ஈண்டு நினைக்கத்தக்கது.

எனவே, இரவில் தங்க இசைவுண்டா என்பதை வனத்துறையிடமும் காவல் நிலையத்திலும் முன்னரே கேட்டறிக. மீனவர் குடியிருப்பில் சொல்லிவைக்க. இருட்டியபின் விளக்கைத் தணித்து, நாயைக் கயிற்றில் பிடிக்க. இசைவு இல்லையேல், பகலிலேயே கடலைக் கண்டு திரும்புக. தனிமையை நாடுவோர், அதே தனிமையை நாடிவரும் உயிருக்கு வழிவிடுதலே பண்பு என்பது எம் துணிபு.