எழுத்து தெரியாதவருக்கு எழுத்தாலான செயலியா?

களையெடுப்புக்கும் கட்டட வேலைக்கும் போகும் பெண்கள் பலர், வங்கியில் பணம் எடுக்கும் சீட்டை நிரப்பித் தர இன்றும் பக்கத்தில் நிற்பவரைத்தான் கேட்கிறார்கள். எவ்வளவு எடுக்கிறோம் என்பதை முன்பின் தெரியாத ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. ஆண்களில் ஏறத்தாழ 87, பெண்களில் 73. விடுபட்டவர்களில் பெரும்பாலோர் பெண்களே.

இவர்களுக்காக ஒன்றிய அரசு 2022-27 ஆண்டுகளுக்கு ரூ.1,037.90 கோடி மதிப்பில் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 15 வயது நிரம்பியவர்கள் சேரலாம். வாசிப்பு, எழுத்து, எண்ணறிவு மூன்றுக்கும் தலா 50 மதிப்பெண்ணில் தேர்வு. 2023இல் இதற்கென்றே உல்லாஸ் செயலியும் வந்தது. இனி செயற்கை நுண்ணறிவைச் சேர்த்துவிட்டால் சொல்லித்தர ஆளே வேண்டாம் என்று சிலர் பேசுகிறார்கள். அதை நாம் ஏற்கவில்லை. கருவி தேவைதான். ஆனால் அது சொல்லித்தரும் தன்னார்வலரின் கைக்கு வர வேண்டுமே தவிர, அவருடைய இடத்துக்கு வரக் கூடாது.

கருவி தேவை என்பதற்கு முதல் காரணம் கூச்சம். பேரன் படிக்கும் பள்ளியிலேயே மாலையில் உட்கார்ந்து, நாலு பேர் முன்னால் ஒரு சொல்லை எழுத்துக்கூட்டித் திணறுவது ஐம்பது வயதில் எளிதல்ல. பாதியில் நின்றுபோகிறவர்களில் பலர் பாடம் ஏறாமல் நிற்பதில்லை, வெட்கப்பட்டு நிற்கிறார்கள். ஒரே வரியைப் பத்தாவது முறை தப்பாக வாசித்தாலும் கருவி முகம் சுளிக்காது.

கணினி வழியே பெரியவர்களுக்குச் சொல்லித்தருவது நமக்குப் புதிதும் அல்ல. எஃப்.சி. கோலியின் முன்முயற்சியில் 2000ஆம் ஆண்டில் டாடா கன்சல்டன்சி நிறுவனம் ஆந்திரத்தில் அப்படியொரு திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் தமிழிலும் அது வந்தது. அகர வரிசையில் தொடங்காமல், படமும் ஒலியும் கொண்டு, பழகிய சொற்களிலிருந்து எழுத்துக்கு அழைத்துப்போனது அந்த முறை. ஏறத்தாழ 40 மணி நேரத்தில் செய்தித்தாளை வாசிக்கவைப்பது இலக்கு. அந்த மென்பொருளுக்குப் பேசத் தெரியும். கற்பவர் வாசிப்பதைக் கேட்கத் தெரியாது. இன்றைய கருவிகள் கேட்கின்றன. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் மாதிரிகளைப் பொதுப் பயன்பாட்டுக்கே வெளியிட்டிருக்கிறது.

ஆனால் எதைக் கேட்கின்றன? தென்மாவட்டத்துப் பெண் ஒருவர் 'வாழைப்பழம்' என்ற சொல்லைப் பார்த்து 'வாளப்பளம்' என்று சொன்னால், அவர் சரியாகத்தான் வாசித்திருக்கிறார். பிழை என்று கருவி சொல்லிவிட்டால், அன்றோடு அவர் வருவதை நிறுத்திக்கொள்ளக்கூடும். இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. எழுத்தைப் பாராமல் படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்வதையும் கருவி 'சரி' என்று ஏற்றுக்கொள்ளும். எது பேச்சுவழக்கு, எது தவறான வாசிப்பு, எது ஊகம் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அதே ஊர்க்காரருக்கே தெரியும். நெல்லையிலும் கொங்குப் பகுதியிலும் கூலிவேலை செய்யும் பெண்களின் குரலில் சோதித்துப் பார்க்காத எந்தக் கருவியையும் அரசு வாங்கக் கூடாது.

1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. தெருத்தெருவாகப் போன தொண்டர்கள்தான் அந்த இயக்கத்தின் உயிர். ஆனால் கற்ற எழுத்து, வாசிக்க எதுவும் இல்லாவிட்டால் மறந்துபோகும் என்பது அறிவொளிக்குப் பிந்தைய அனுபவம். செயற்கை நுண்ணறிவின் சரியான இடம் இங்கேதான். தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து, அவரவர் வாசிப்புத் திறனுக்கு ஏற்றபடி, ரேஷன் ரசீது, மருந்துச் சீட்டு, ஊராட்சி அறிவிப்பு என்று நாளும் புதிதாக நாலு வரியை அது தர முடியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அச்சடித்துத் தர எந்த அரசாலும் முடியாத பாடநூல் அது.

அதற்கு முன் இரண்டு சங்கடங்கள் தீர வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் பெரும்பாலும் மகன் கையிலோ கணவர் கையிலோ இருக்கிறது. ஆகவே கற்றல் மையத்துக்கே கருவி வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அருகில் இருப்பது மங்கலாகத் தெரியும். எழுத்து புரியவில்லை என்பவர்களில் பலருக்கு அது கண்ணுக்கே தெரிவதில்லை. வாசிப்புக் கண்ணாடி தராமல் திரையைக் கொடுத்து என்ன பயன்?

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் சொல்லித்தருபவர்களுக்கு ஊதியம் கிடையாது. வகுப்புக்கு ஆள் சேர்ப்பதும், வராதவர் வீட்டுக்கு நடப்பதும், பதிவேட்டை நிரப்புவதும் அவர்கள்தாம். 2027 மார்ச்சோடு திட்டக் காலம் முடிகிறது. அடுத்த திட்டத்தை வகுக்கும்போது, தன்னார்வலரின் மதிப்பூதியத்துக்கும் கற்பவரின் கண்ணாடிக்கும் முதலில் நிதி ஒதுக்குங்கள். மென்பொருள் ஒப்பந்தத்தில் அதன் பிறகு கையெழுத்திடலாம்.