பேழைக்குள் இருக்கும் மனோமானி

யூபிலி ஆண்டு வந்துவிட்டால் பழைய மாணவரிடையே பேச்சு மிகும். பணமும் ஓரளவு சேரும். சேர்ந்த பணத்தை எவ்வாறு செலவிடுவது என்னும் வினா எழுந்ததும் பெரும்பாலார் வாயில் முதலில் வருவது தோரணவாயில். அடுத்து வருவது கொடையாளர் பெயர் பொறித்த சலவைக்கல். இவற்றை யாம் இகழ்கின்றோம் அல்லோம். கல்லூரி வாயிலைக் கடக்கும்போது மனம் நிமிர்வதற்கும் ஒரு வாயில் வேண்டுவதே. ஆயினும் இம்முறை வேறொன்றைக் கேட்க விழைகின்றோம். பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்றும், அதனை நிறுத்தி வைக்க இரும்புத் தாங்கி ஒன்றும், அதன் அருகில் நாலு முழத் தெளிந்த குழாயால் மாணவர் தாமே செய்த நீர் மனோமானி ஒன்றும் எமது கல்லூரிக்கு வேண்டும். நகைப்பவர் நகைக்கலாம். நகைத்த பின்னர் இக்கட்டுரையை முற்றாகப் படிக்குமாறு வேண்டுகின்றோம்.

யாம் பயின்ற காலத்தில் பௌதிக ஆய்வுகூடத்துக் கண்ணாடிப் பேழையுள் மனோமானி ஒன்று இருந்தது. பலகையிற் பொருத்திய வளைந்த கண்ணாடிக் குழாய்; அதன் அடியிற் பளபளக்கும் இரசம். அதனைப் பேழைக்கு வெளியே நின்று பார்த்தோம், படம் வரைந்தோம், உயரத்தை அடர்த்தியாலும் புவியீர்ப்பாலும் பெருக்கினால் அமுக்கம் வரும் என்று எழுதிப் புள்ளியும் பெற்றோம். பரீட்சை முடிந்தது. அதன்பின் நாற்பது ஆண்டுகள் மனோமானி என்னும் சொல்லை யாம் ஒருமுறையேனும் உச்சரித்ததில்லை. எம்மோடு பயின்றவருட் பலர்க்கும் இதுவே கதை என்பதை அறிவோம்.

அச்சொல் மீண்டும் எம்மிடம் வந்தது ஒயில் ஒழுக்கினால். எம்மிடம் பழைய நான்கு வீச்சு மோட்டார் சைக்கிள் ஒன்று உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் மீளத் திறக்கப்படும்வரை, உள்ளதைப் பேணுவதன்றி வேறு வழி எவர்க்கும் இருக்கவில்லை. அந்நாள்களில் எமது வண்டி நின்ற இடமெல்லாம் கறுப்புப் பொட்டு வைக்கத் தொடங்கிற்று. முதற் கராஜில் ஒயில் சீலை மாற்றினார்கள். ஒரு மாதத்தில் மீண்டும் ஒழுகிற்று. இரண்டாம் கராஜில் பக்கிங்குகளையும் மாற்றித் தடித்த ஒயில் ஊற்றினார்கள். அதுவும் ஒழுகிற்று. மூன்றாமவர் எஞ்சினிற் காது வைத்துக் கேட்டார். “றிங் போயிட்டுது மாஸ்ரர், போர் பண்ணவேணும்” என்று சொல்லி ஒரு தொகையுங் கூறினார். ஓய்வூதியம் பெறும் ஆசிரியன் ஒருவனின் இரண்டு மாத வருவாயை அத்தொகை விழுங்கிவிடும். மூவரும் நேர்மையாளரே. ஆயினும் மூவருள் எவரும் எதனையும் அளக்கவில்லை.

அயல்வீட்டு மாணவன் ஒருவன் உயர்தரத்தில் பொறியியற் தொழினுட்பம் பயில்கின்றான். 2013இல் அத்துறை பாடசாலைகளில் தொடங்கப்பட்டதை நல்லது என்றே யாம் கருதி வந்துள்ளோம். அவன் வண்டியைச் சுற்றிவந்து, “மாமா, உள்ளுக்குள்ள அமுக்கம் கூடினாலும் சீல் ஒழுகுமே, அதை ஒருக்கால் அளந்து பாப்பமா?” என்று கேட்டான். நாற்பது ஆண்டு கற்பித்த எமக்கு அவ்வினா தோன்றவில்லையே என்று சற்று நாணினோம்.

எஞ்சினின் அடிப்பகுதியாகிய கிராங்கேசினுள் அமுக்கம் எங்கிருந்து வருகின்றது என்பதை இங்கே கூறவேண்டும். பிஸ்ரன் மேலே செல்லும்போது அதன் அடியில் இடம் விரிகின்றது; கீழே வரும்போது இடம் சுருங்குகின்றது. 350 என வழங்கும் றோயல் என்பீல்ட் புல்லட்டில் ஒவ்வொரு வீச்சிலும் 346 கன சென்ரிமீற்றர் காற்று இவ்வாறு இடம்பெயர்கின்றது. இரண்டு பிஸ்ரன்களும் ஒருங்கே ஏறி இறங்கும் பழைய பிரித்தானிய இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் இத்தொல்லை இரட்டிக்கும். ஒன்று ஏற மற்றது இறங்கும் வகையினவற்றில் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். இதனோடு, வெடிப்பின்போது றிங்குகளைக் கடந்து கீழே கசியும் வாயுவும் சேர்கின்றது. புதிய எஞ்சினிலும் இக்கசிவு சிறிது உண்டு, தேய்ந்ததில் மிகுதி. இவ்வாயு வெளியேறவே பிறெதர் எனும் மூச்சுக்குழாய் வைத்திருக்கின்றார்கள். சில வண்டிகளில் அதன் வழியில் ஒருவழி வால்வும் இருக்கும். காற்று வெளியே போகலாம், உள்ளே வரமுடியாது. ஆதலின் அவற்றில் உள்ளமுக்கம் வளிமண்டல அமுக்கத்திலுஞ் சற்றுக் குறைந்தே நிற்கும். பக்கிங்கிலே சிறு வெடிப்பு இருப்பினும் ஒயில் வெளியே வராது, காற்றே உட்செல்லும். (இரு வீச்சு எஞ்சின்களுக்கு இக்கணக்குப் பொருந்தாது. அவற்றின் கிராங்கேஸ் எரிபொருட் கலவை செல்லும் வழியாகும்.)

இவ்வமுக்கம் மிகச் சிறிது. ரயருக்கு யாம் அடிக்கும் 30 இறாத்தல் காற்று ஏறத்தாழ 21 மீற்றர் உயர நீர் நிரலுக்குச் சமன். கிராங்கேசினுள் 60 சென்ரிமீற்றர் நீரளவு அமுக்கம் எழுந்தாலே சீல் ஒழுகுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. அதுவோ ஓர் இறாத்தலும் ஆகாது. ரயர் மானியில் முள் அசையாது. இரசமும் வேண்டா. அது நீரைவிட 13.6 மடங்கு அடர்ந்தது, 60 சென்ரிமீற்றரை நாலரையாகச் சுருக்கிவிடும், நஞ்சும் ஆகும். இவ்விடத்து நீரே தக்கது.

கருவி செய்ய அரைநாளுஞ் செல்லவில்லை. வீடு கட்டும் மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிந்த குழாயை எல்லாரும் கண்டிருப்பர். அது இருபுறமுந் திறந்த மனோமானியேயாம். மேசன்மார் அப்பெயரை அறியாமலே நாள்தோறும் அதனைக் கையாளுகின்றனர். அதில் ஒரு துண்டை வாங்கி, பலகையில் 60 சென்ரிமீற்றர் உயரமுள்ள இரு கைகளாக வளைத்து ஆணியடித்துக் கட்டினான் பையன். நடுவில் அளவுகோல், குழாயில் பாதி உயரம்வரை நீல மை கலந்த நீர். ஒயில் பார்க்கும் கோலின் மூடியைப் போன்ற பழைய மூடியொன்றைத் துளைத்து அதிற் சிறு பித்தளைக் குழாயை இறுகப் பொருத்தி, அங்கிருந்து மனோமானிக்கு இணைப்புக் கொடுத்தான். இடையில் வெறும் போத்தல் ஒன்று. உள்ளே வெற்றிடம் மிகுந்தால் நீர் எஞ்சினுட் போகாது போத்தலில் விழவேண்டும் என்பது அவன் முன்யோசனை. இதை யாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதன்முறை இயக்கியபோது நீர் நடுங்கிக்கொண்டே இருந்தது. அளவு வாசிக்க முடியவில்லை. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது பிஸ்ரன் வினாடிக்கு 50 முறை இறங்கி ஏறுகின்றது. எமது நீர் நிரலோ தன்னியல்பில் ஒருமுறை ஆடி மீள ஏறத்தாழ ஒரு வினாடி எடுக்கும். வேகமான துடிப்பை அது பின்தொடர இயலாது, சராசரியையே காட்டும். எஞ்சிய நடுக்கத்தை அடக்கக் குழாயினுள் நெருக்கமான தடையொன்று வைக்கவேண்டும். பையன் மீன்தொட்டியில் காற்றுக்குமிழி விடும் நுண்துளைக் கல்லைக் கொணர்ந்து பொருத்தினான். நீர் அமைதியுற்றது. தடை எதுவாயினும் இருதிசைக்கும் ஒரே அளவில் தடுப்பதாக இருத்தல் வேண்டும். ஒரு திசைக்கு எளிதாயின் சராசரி பொய்யாகும். பாடநூலிலே அலைவு பற்றிய அத்தியாயமும் அமுக்கம் பற்றிய அத்தியாயமும் ஐம்பது பக்கம் விலகி நிற்பவை. அன்று முற்றத்தில் இரண்டும் ஒரே குழாய்க்குள் வந்து நின்றன.

எஞ்சின் வெறுமனே ஓடும்போது இரு கைகளுக்கும் இடையே 20 சென்ரிமீற்றர் வேறுபாடு. வேகத்தைக் கூட்டச் சொன்னோம். “மாமா, தண்ணி மேல போகுது” என்றான். சொல்லி முடிக்குமுன் நீலநீர் குழாய்வாயிலிருந்து பாய்ந்து எமது வெள்ளை வேட்டியை நனைத்தது. அந்த நீலக்கறை இன்னும் போகவில்லை.

றிங் தேய்ந்திருந்தாலும் மூச்சுக்குழாய் திறந்திருப்பின் இவ்வளவு அமுக்கம் உள்ளே தங்குதல் அரிது. ஆதலின் முதலில் அக்குழாயைக் கழற்றினோம். கீழே தொங்கிய அதன் வாயினுள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. முழுவதும் அடைபடவில்லை, ஊசிக்கண் அளவு வழி எஞ்சியிருந்தது. கம்பியால் குத்தி நீக்கி, மண்ணெண்ணெயால் அலசி, மீளப் பொருத்தி அளந்தோம். வேறுபாடு ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவு. வேகத்தைக் கூட்டியபோதும் இரண்டைத் தாண்டவில்லை. சீலை மறுபடி மாற்றினோம். கறுப்புப் பொட்டு நின்றது. போர் பண்ணும் செலவும் நின்றது.

குளவிக்கூட்டைக் கண்டுபிடிக்க மனோமானி எதற்கு, மூச்சுக்குழாயை ஊதிப் பார்த்தால் போதாதோ என்று கேட்பார் உளர். போதும். ஆனால் மூன்று கராஜில் எவரும் ஊதிப் பார்க்கவில்லை, யாமும் பார்க்கவில்லை. அமுக்கம் மிகை என்று எண் ஒன்று சொன்ன பின்னரே வாயு எங்கே தடைப்படுகின்றது எனத் தேடத் தோன்றிற்று.

அதன்பின் அயலார் வண்டிகளும் எமது முற்றத்துக்கு வரத் தொடங்கின. அவற்றுட் சிலவற்றுக்கு உண்மையாகவே றிங் தேய்ந்திருந்தது. அதையும் இக்கருவி சொல்லும். முறை மட்டும் வேறு. மூச்சுக்குழாயின் வாயில் அறிந்த அளவுள்ள சிறு துளையொன்றைப் பொருத்தி, எஞ்சினை நன்கு சூடாக்கி, குறித்த ஒரு வேகத்தில் வைத்து அளக்கவேண்டும். கசிவு இருமடங்காயின் அமுக்கம் நான்கு மடங்காகும். ஆகவே சிறு வேறுபாடும் குழாயிற் பெரிதாய்த் தெரியும். பெரிய டீசல் எஞ்சின்களின் தேய்வை அளப்போரும் இவ்வாறே துளை வைத்து அளக்கின்றனர். சிலிண்டரின் அமுக்கத்தை அளக்கும் மானியில் வால்வின் கசிவும் றிங்கின் கசிவும் கலந்து தோன்றும். கிராங்கேசில் அளப்பது பெரும்பாலும் றிங்கின் கணக்கையே காட்டும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் ஒரே எண் இல்லை. அதே துளை, அதே வேகம், அதே வண்டி எனக் கொண்டு மாதந்தோறும் குறிப்பேட்டில் எழுதிவந்தாற் போதும். ஏறுகின்றதா, நிற்கின்றதா என்பதே செய்தி.

இவ்விடத்தில் பழைய மாணவர் சிலர் வேறொன்றை நினைவுகூர்வர். 1990இல் வடபகுதிக்கு எரிபொருள் தடைப்பட்ட பின்னர், சில துளி பெற்றோலாற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தை யாமும் கண்டோம். மண்ணெண்ணெய் முற்றாக ஆவியாவதில்லை. சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிற் படலத்தைக் கழுவி, கீழே இறங்கி, ஒயிலையும் ஐதாக்கும். றிங் விரைவிலே தேயும். அந்நாள்களில் அவ்வண்டிகளை உயிரோடு வைத்திருந்தவர் எமது கராஜ்காரரே. அவர்களுடைய காதையும் கையையும் யாம் வணங்குகின்றோம். எமது குறை ஒன்றுதான். அக்காது அவர்களோடே போய்விடுகின்றது. இத்தனை மணிநேரம் மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின் இத்தனை தேய்ந்தது என்னும் குறிப்பேடு ஒன்றுகூட எமக்கு எஞ்சவில்லை. அவ்வளவு பெரிய பரிசோதனையை ஒரு மாவட்டமே நடத்தியது. அதன் பேறுகளை எழுதி வைத்தார் இல்லை. அன்று எமது கல்லூரிகளில் மனோமானிகள் இருந்தன, பேழைக்குள் இருந்தன.

இன்று மின்னணு மானிகள் மலிவாகக் கிடைக்கின்றனவே என்பர். கிடைக்கட்டும், வாங்கட்டும். எனினும் அம்மானி சரியோ பிழையோ என்பதைச் சொல்லவும் ஒரு நீர்க்குழாய் வேண்டும். ஒரு சென்ரிமீற்றர் நீர் 98 பஸ்கால் என்பதற்கு மின்கலம் தேவையில்லை. 1648ஆம் ஆண்டு பஸ்காலின் மைத்துனர் புய்-து-டோம் மலைமீது சுமந்து சென்றதும் ஒரு குழாயும் இரசமுமே. மலையுச்சியில் வளியமுக்கம் குறைகின்றது என்பதை உலகு அதனாற் கண்டது.

எமது கல்லூரியில் பௌதிகம் பயில்வோர் ஒரு கட்டடத்தில்; தொழினுட்பம் பயில்வோர் வேறொரு கட்டடத்தில். முன்னவர்க்குச் சமன்பாடு தெரியும், எஞ்சினைத் தொட்டதில்லை. பின்னவர்க்கு எஞ்சின் தெரியும். அச்சமன்பாடு தமக்கும் உரியது என்பதை எவரும் சொல்லவில்லை. யூபிலி நிதியில் யாம் கேட்கும் மேசையை இவ்விரு கட்டடங்களுக்கும் நடுவிலுள்ள வேப்பமர நிழலில், கூரை மட்டும் போட்டு, சுவரின்றி வைக்கவேண்டும். புகை போக்கில் நச்சுவாயு இருத்தலின் மூடிய அறையில் எஞ்சினை இயக்குதல் ஆகாது. ஆகவே சுவரின்மை சிக்கனத்துக்காக மட்டுமன்று. தோரணவாயிலுக்கு ஆகும் செலவில் இது ஒரு சிறு பங்கே. இரண்டையும் செய்ய வல்லாராயின் மகிழ்ச்சி.

எஞ்சின் எங்கே கிடைக்கும் என்று கூட்டத்தில் யாரேனும் கேட்பார்கள். எமது கொட்டிலில் மண்ணெண்ணெயில் ஓடி ஓய்ந்த எஞ்சின் ஒன்று சாக்குக்குள் இருக்கின்றது. செயலாளர் ஒரு லாண்ட்மாஸ்ரர் அனுப்புவாராயின், ஏற்றிவிடுவதற்குப் பையனும் யாமும் ஆயத்தமாய் உள்ளோம்.