மந்திரிகள் இல்லாத ராஜ்யம்

மந்திரிமார் இல்லாவிடில் தேசம் என்ன கதியாகும் என்று கவலைப்படும் அன்பர்கள் பெல்ஜியத்தின் சமீப கால சரித்திரத்தைச் சற்றுப் பார்க்க வேண்டுகிறோம். அங்கே 2010 ஜூன் 13-ந் தேதி பொதுத் தேர்தல் நடைபெற்றது. அந்நாட்டில் வோட்டுப் போடுவது பிரஜைகளுக்குச் சட்டப்படி கட்டாயம். ஆனால் வோட்டு வாங்கினவர்கள் இத்தனை நாளைக்குள் மந்திரி சபை அமைத்தாக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை! டச்சு பேசுவோரின் கட்சிகளும் பிரெஞ்சு பேசுவோரின் கட்சிகளும் பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள ஒரு தொகுதியைப் பிரிப்பது பற்றியும், மத்திய சர்க்காரின் அதிகாரங்களைப் பற்றியும் பேசிக்கொண்டேயிருந்தன. புதிய மந்திரி சபை பதவியேற்பதற்குள் 541 நாட்கள் சென்றுவிட்டன.

இதற்கிடையில் பிரளயம் வந்ததா? இல்லை. ரயில்கள் ஓடின, பள்ளிக்கூடங்கள் நடந்தன, வரி வசூல் ஒரு நாளும் நிற்கவில்லை. 2010-ன் பிற்பாதியில் ஐரோப்பிய யூனியன் கவுன்சிலுக்கே பெல்ஜியம் தலைமை வகித்தது. சர்க்கார் அமையும் வரை ஆண்கள் க்ஷவரம் செய்துகொள்ளலாகாது என்று பிரபல நடிகர் ஒருவர் யோசனை கூறினார். தாடிதான் வளர்ந்தது, சமரசப் பேச்சு வளரக் காணோம்.

அப்படியானால் சட்டசபைக்காரர்களே வேண்டாம் என்று தீர்மானித்துவிடலாமா? அவசரம் கூடாது. பழைய மந்திரிகள் தற்காலிகமாக நீடித்தார்கள். பிராந்திய சர்க்கார்களும் நகர சபைகளும் உத்தியோகஸ்தர்களும் முன்பே செய்த சட்டங்களைக் கொண்டு அன்றாட வேலையைக் கவனித்தார்கள். மாடு அவிழ்த்த வண்டியும் சரிவில் சிறிது தூரம் ஓடத்தான் செய்யும். புதிய வழியில் திருப்ப வேண்டுமானால்தான் சங்கடம். வரவு செலவுத் திட்டம் தீர்மானமாகாமலே கிடந்தது.

2011 நவம்பர் 25-ந் தேதி, ஸ்டாண்டர்டு அண்டு பூர்ஸ் என்னும் ஸ்தாபனம் பெல்ஜியத்தின் கடன் நாணயத்தை ஒரு படி தாழ்த்தியது. மறுநாளே கட்சித் தலைவர்கள் வரவு செலவுத் திட்டத்தில் உடன்பாடு கண்டார்கள்! டிசம்பர் 6-ந் தேதி எலியோ டி ரூபோ பிரதம மந்திரியானார். ஐந்நூறு நாட்களுக்கு மேல் ஜனங்கள் கேட்டும் ஆகாத காரியம், கடன் கொடுப்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்றதும் ஒரே நாளில் ஆயிற்று.

ஆகவே, பிரதிநிதிகள் உபயோகமற்றவர்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். கடன்காரன் வாசலில் நின்றால் அவர்களும் உழைக்கிறார்கள். வோட்டும் ஒரு கடனே என்பதை நாம்தான் மறந்துவிடுகிறோம். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை கொடுத்துவிட்டு, நடுவே ஒரு நாளும் வசூலுக்குப் போகாதவனுக்கு அசலும் வராது, வட்டியும் வராது.