சோள மாவில் இஞ்செரா வராதா?

சோமனூர், கருமத்தம்பட்டி வட்டாரத்தில் எத்தியோப்பியா கேள்விப்படாத நாடல்ல. ஹவாசாவில் 2016-லும் மெக்கெல்லேயில் 2017-லும் தொழிற்பூங்காக்கள் திறந்தபோது, ஆயத்த ஆடை ஆலைகளின் மேற்பார்வை வேலைக்கும் தரம் பார்க்கும் வேலைக்கும் கோவை, திருப்பூர்ப் பக்கத்து ஆட்கள் கப்பலேறாத குறையாகப் போனார்கள். 2020 நவம்பரில், மெக்கெல்லே இருக்கும் டிக்ரேயில் போர் மூண்டது. 2022 ஜனவரி 1 முதல் அமெரிக்கா கொடுத்துவந்த வரிச்சலுகையும் நின்றது. திரும்பி வந்தவர்கள் ஒரு தீர்ப்பையும் கொண்டு வந்தார்கள்: வாட் என்ற அந்தக் கறியும் இஞ்செரா என்ற ரொட்டியும் அங்கே சாப்பிட்டால்தான் உண்டு, டெஃப் மாவும் பெர்பெரே மசாலாவும் இல்லாமல் நம் வீட்டில் செய்தால் அது வெறும் தோசையும் கறிக்குழம்பும்தான். போகாதவர்களும் கைப்பேசியில் வீடியோ பார்த்துவிட்டு இதையே சொல்கிறார்கள்.

முதலில் மாவு. டெஃப் என்பது கசகசா அளவே உள்ள தானியம். அதில் சுட்ட இஞ்செராதான் உசத்தி என்று எத்தியோப்பியர்களே சொல்வார்கள். அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் நாடு முழுக்க டெஃப்பைத்தான் தின்கிறது என்பது நகரத்து ஓட்டலில் மட்டும் சாப்பிட்டவர் கணக்கு. கிழக்கே ஹரார்கே பக்கம் சோளத்தில் சுடுகிறார்கள். வேறு இடங்களில் வாற்கோதுமையிலும், தகுசா என்று அவர்கள் சொல்லும் கேழ்வரகிலும் சுடுகிறார்கள். டெஃப் விலை ஏறினால் இல்லாத வீட்டில் மற்ற மாவின் பங்கும் ஏறும். 2006-இல் எத்தியோப்பிய அரசு டெஃப் ஏற்றுமதிக்குத் தடை போட்டது; அது ஓரளவு தளர்ந்ததே 2015 வாக்கில்தான். வாஷிங்டனில் குடியேறிய எத்தியோப்பியர்கள் கிடைத்த கோதுமை, வாற்கோதுமை, அரிசி மாவுகளைக் கலந்து சுட்டார்கள். அதை அவர்கள் இஞ்செரா என்றே சொன்னார்கள். சோமனூரில் உட்கார்ந்துகொண்டு நாம் எதற்கு இல்லை என்க வேண்டும்?

இன்னொன்று. சோளம் முதலில் பயிரானது வடகிழக்கு ஆப்பிரிக்காவில். கேழ்வரகின் பிறப்பிடம் எத்தியோப்பிய, உகாண்டா மேட்டுநிலங்கள். கொங்கு மானாவாரிக் காடுகளில் நம் பாட்டன் பூட்டன் விதைத்துச் சோளச் சோறும் ராகிக் களியும் தின்றது அந்த நிலத்துத் தானியங்களைத்தான். ரேஷன் அரிசி வந்த பிறகு சோளத்தை மாட்டுக்குத் தட்டாக ஒதுக்கியவர்கள் நாம். சோள இஞ்செராவுக்கு ஒரு குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை: ஆறினால் விறைத்து உடையும். டெஃப்பைப் போல மறுநாள் வரை மெத்தென்று இருக்காது. கொஞ்சம் கோதுமை மாவு சேர்த்தால் வளையும். அன்றைக்குச் சுட்டதை அன்றைக்கே தின்றுவிட வேண்டும்.

அடுத்தது மசாலா. பெர்பெரேயில் இருப்பவை வற்றல் மிளகாய், பூண்டு, இஞ்சி, வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், கொத்தமல்லி, மிளகு, கிராம்பு, பட்டை. இதில் எது நம் மளிகைக் கடையில் இல்லை? அருவதா வேண்டுமென்றால் நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. உண்மையாகவே கிடைக்காதவை இரண்டு: கொரரிமா என்ற ஏலக்காய் வகை, நெய் உருக்கும்போது போடும் கொசெரெத் என்ற இலை. முன்னதற்குப் பிரியாணிக்குப் போடும் கருப்பு ஏலக்காயைச் சேர்க்கலாம், புகைவாடை தூக்காத அளவுக்கு. பின்னது இல்லாமல்தான் செய்ய வேண்டும். அந்த ஒரு வாசனை குறையும், ஒப்புக்கொள்கிறேன். நெய்யில் நமக்குக் குறையே கிடையாது. பக்கத்திலேயே ஊத்துக்குளி வெண்ணெய். அதை இஞ்சி, பூண்டு, வெந்தயம், மஞ்சள், ஏலக்காயோடு சிறுதீயில் உருக்கி வடித்தால் நித்தெர் கிபே. முருங்கைக் கீரை போட்டு நெய் உருக்கும் வீட்டுக்கு இது என்ன புது வித்தையா?

எல்லாம் இங்கேயே கிடைக்கிறது என்றால் அது தோசைதானே என்று மடக்குவார்கள். இல்லை. உளுந்து கிடையாது. எண்ணெய் கிடையாது. தோசை மாவை நடுவில் ஊற்றி வெளியே இழுக்கிறோம்; இஞ்செரா மாவை ஓரத்தில் தொடங்கி உள்பக்கமாகச் சுற்றி ஊற்றுகிறார்கள், கரண்டி மாவைத் தொடுவதே இல்லை. மேலே கண்கண்ணாகத் துளை விழுந்ததும் மூடி போட்டு ஆவியில் வேகவிடுவார்கள். திருப்பிப் போடுவதில்லை. அதற்கு முன்னால் ஒரு முக்கியமான வேலை: புளித்த மாவில் கொஞ்சம் எடுத்துக் கொதிநீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, அதே மாவில் திரும்பக் கலப்பது. அப்சித் என்பார்கள். உளுந்து இல்லாத மாவு காற்றைப் பிடித்துக்கொண்டு பொங்குவது அந்தக் கஞ்சியால்தான். ஆப்பத்துக்கு உறவு என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

‘புளிச்சுக் கெட்டுப்போன தோசைங்க’ என்பவர் எங்கே தவறுகிறார் என்பதும் தெரிந்ததுதான். அடிஸ் அபாபா கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேலே, குளிர்ந்த ஊர். அங்கே மாவு மூன்று நாள் புளிக்கிறது. சித்திரை வெயிலில், தறிக்குடோனை ஒட்டிய நம் வீட்டுச் சமையல்கட்டில், ஒன்றரை நாளே அதிகம். மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை வடித்துவிட வேண்டும். நாளை எண்ணாமல் மாவை மோந்து பார்த்தால் போதும்.

கறிக்குழம்பு என்ற பேச்சுக்கு ஆதாரம் இன்னும் குறைவு. நம் வழக்கத்தில் எண்ணெய் காய்ந்த பிறகே வெங்காயம். வாட் செய்யும்போது வெறும் சட்டியில், சொட்டு எண்ணெய் இல்லாமல் வெங்காயம் இறங்குகிறது. அதுவும் ஒரு கிலோ கறிக்கு ஒரு கிலோ. சின்ன வெங்காயமே இதற்கு நன்றாகப் பொருந்தும், உரிக்க ஆள் இருந்தால். பொடியாக நறுக்கி, அடிபிடிக்கும்போதெல்லாம் தண்ணீர் தெளித்துக் கிளறிக்கொண்டே முக்கால் மணி நேரம் நின்றால் அது பழுப்பேறிக் கூழாகக் குழையும். பிறகு நெய், பிறகு பெர்பெரே. அதையும் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பச்சை வாடை போக வதக்க வேண்டும். வெள்ளாட்டுக் கறி அதற்குப் பிறகுதான். கோழி போட்டால் டோரோ வாட். கடைசியில் அவித்த முட்டையும் சேரும். தேங்காய் இல்லை, புளி இல்லை, கசகசா இல்லை. கெட்டியாவது முழுக்க வெங்காயத்தால். ருசி குறைகிறதே என்று ஒருவர் இடையில் தேங்காய் அரைத்து ஊற்றினால் அது கறிக்குழம்பாகத்தான் ஆகும். அதற்கு எத்தியோப்பியா பொறுப்பில்லை. முற்றிய ஆடாக இருந்தால் கறியை மட்டும் குக்கரில் முக்கால் வேக்காடு வைத்துச் சேர்க்கலாம். வெங்காயத்துக்குக் குக்கர் உதவாது.

காரம் தாங்காது என்பதைப் பள்ளிபாளையம் சிக்கன் தின்கிற ஊரில் சொல்லலாமா? நேரம் ஆகும் என்பது மட்டும் நியாயமான பேச்சு. ஷிப்ட் முடிந்து வந்து செய்கிற சாப்பாடு அல்ல இது. அங்கேயும் டோரோ வாட் ஈஸ்டருக்கும், ஜனவரி 7-இல் வரும் அவர்கள் கிறிஸ்துமஸுக்கும் செய்கிற விருந்து. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, அது ஓயாமல் கறி தின்கிற நாடு, நம் பழக்கத்துக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி, ஈஸ்டருக்கு முந்தைய நீண்ட நோன்பு என்று ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் கறி, முட்டை, பால், நெய் எதையும் தொடுவதில்லை. அந்த நாள்களில் அதே தட்டில் மிசிர் வாட் வருகிறது. புரட்டாசியில் கறி எடுக்காத வீட்டார் அதைச் செய்யலாம்: கறிக்குப் பதில் மைசூர்ப் பருப்பு, நெய்க்குப் பதில் செக்கெண்ணெய். வெங்காயம் மட்டும் முன்போலவே வெறும் சட்டியில்.